தரங்கம்பாடி முதல் உவரி வரை: கூட்டத்தில் சிக்காமல் கடலோரம் போக ஒரு திட்டம்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சனி, ஞாயிறுகளில் இசிஆரில் வண்டி ஊர்ந்துதான் போகும். கடலூர் தாண்டினால் அந்தக் கூட்டம் மெலிந்துவிடும். தரங்கம்பாடிக்குத் தெற்கே கடலைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் குறைவு. நேர்த்திக்கடன், திதி, தரிசனம் என்று வருகிறவர்களே அதிகம். அவர்கள் இறங்கும் ஊர்கள் ஐந்து: நாகூர், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி. இடையில் இருக்கும் கரை முழுக்க மீனவ ஊர்கள், உப்பளங்கள், அலையாத்திக் காடு, பனங்காடு. ஓர் ஊரின் சாயங்காலக் கடற்கரையில் வெளியூர் வண்டி என்று உங்களுடையது ஒன்றே நிற்கும்.

ஆகவே இந்த ஐந்து ஊர்களில் ராத்தங்கல் வைக்காதீர்கள். தவறான நாளில் அவற்றைக் கடக்காதீர்கள். எங்கே சாப்பிடுவது, எதைப் பார்ப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் காலண்டர்

வழியைக் குறிப்பதற்கு முன்னால் தினசரிக் காலண்டரைக் கையில் எடுங்கள். இந்தக் கரையில் கூட்டம் வார இறுதியைப் பார்த்து வருவதைவிடத் திதியையும் திருவிழாவையும் பார்த்து வருகிறது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றிலும் ராமேஸ்வரத்துப் பக்கம் தலை வைக்க முடியாது. கோடியக்கரை, தேவிபட்டினம், சேதுக்கரையிலும் அதே கதைதான். மாதாந்தர அமாவாசைக்கும் ஓரளவு கூட்டம் வரும். கார்த்திகை தொடங்கித் தை பிறக்கும்வரை சபரிமலை போகிறவர்களும் ராமேஸ்வரம் வழியாக வருவார்கள்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி செப்டம்பர் 8 அன்று முடியும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காவி உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் இசிஆரின் ஓரம் முழுவதும் இரவு பகலாக நடப்பார்கள். ஊருக்குள் போகாவிட்டாலும் சாலையில் வேகம் போகாது. நாகூர் கந்தூரி இஸ்லாமிய நாட்காட்டிப்படி வருவதால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். தேதியை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர்வாடி சந்தனக்கூடும் அப்படியே. தெற்கே போனால் குலசேகரப்பட்டினம் தசரா. வேடம் கட்டியவர்களும் மேளமுமாக அந்தப் பத்து நாளும் திருச்செந்தூருக்குத் தெற்கே எல்லாச் சாலைகளும் நிரம்பிவிடும். பத்தாம் நாள் இரவு சூரசம்ஹாரத்தன்று வண்டியோடு உள்ளே போனால் மறுநாள் காலைதான் வெளியே வரலாம். அடுத்த மாதமே திருச்செந்தூர் கந்தசஷ்டி. வைகாசி விசாகம், தைப்பூசம் இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 1 முதல் 14 வரை.

வாடகை வண்டியில் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய தேதிகள் வேறு இரண்டு இருக்கின்றன. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இவற்றையொட்டி ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் வெளியூர் வாடகை வாகனங்கள் வரக் கட்டுப்பாடு போடுவது வழக்கம். சொந்த வண்டிக்கும் சோதனை உண்டு. விநாயகர் ஊர்வல நாளில் முத்துப்பேட்டையில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள்.

இத்தனையும் கழித்துவிட்டு, வானிலையையும் பார்த்தால் மிஞ்சுவது தை அமாவாசைக்குப் பிறகு பங்குனி வரை. எங்கள் கணக்கில் இதுதான் முதல் தேர்வு. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையேறியது இதே வேதாரண்யம் பக்கம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலையும் ஏறியிருக்கும். ஆடி, ஆவணியில் கச்சான் என்னும் மேல்காற்று மன்னார் வளைகுடாப் பக்கம் மணலை வாரி முகத்தில் அடிக்கும். பைக்கில் போகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. ஆனால் பதநீரும் புதுக் கருப்பட்டியும் வேண்டும் என்கிறவர்கள் சித்திரை, வைகாசி வெயிலைத் தாங்கித்தான் ஆகவேண்டும். உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடப்பதும் கோடையில்தான். மழைக்காலத்தில் அது வெறும் தண்ணீர்ப் பரப்பு.

சாலை கடலோரம் போவதில்லை

கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பி வருகிறவர்கள் முதல் நாளே ஏமாறுவார்கள். நாகைக்குத் தெற்கே சாலையில் இருந்தபடி கடலைப் பார்க்கும் இடங்கள் மிகச் சில. சாலை கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளியே ஓடுகிறது. கடலைத் தொட ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் ஒரு கிளைச்சாலையில் இறங்கி, மீனவ ஊர்வரை போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். கரையோரமாகவே அடுத்த ஊருக்குப் போகலாம் என்று மேப்பைப் பார்த்தால் தோன்றும். நடுவில் ஒரு முகத்துவாரம் குறுக்கே வந்து நிற்கும்.

கிளைச்சாலையைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை இருக்கிறது. மேப்பைச் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள். கரையில் படகுகள் வரிசையாகத் தெரிகிறதா, அதன் பின்னால் தேவாலயமோ பள்ளிவாசலோ கோயிலோ உள்ள பெரிய ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தார்ச்சாலை இருக்கும், வண்டி திருப்ப இடமும் இருக்கும். பிறகு பக்கத்து ஊர் டீக்கடையில் ஒரே கேள்வி: "அங்க பஸ் போகுமா?" பஸ் போகும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். "வண்டி போகும்" என்று இழுத்தால் அவர் சொல்வது பைக்கை.

உப்பளங்களுக்கு நடுவே போகும் வரப்புகளையும் மேப் சாலையாகவே காட்டும். வேதாரண்யம், முத்துப்பேட்டை, தூத்துக்குடி மூன்று இடத்திலும் இந்தப் பொறி இருக்கிறது. மேலே காய்ந்து வெடித்த மண், பார்த்தால் கெட்டித் தரை. இரண்டு அங்குலம் கீழே வழவழவென்று களிச்சேறு. முன்சக்கரம் அந்த ஓட்டை உடைத்து இறங்கினால் டிராக்டர் வராமல் வண்டி வெளியே வராது. வரப்பின் நடுவில் லாரிச் சுவடு புதிதாக இருந்தால் ஒழிய இறங்காதீர்கள்.

ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். கணக்குக்கு இது அற்பமாகத் தெரியும். மூன்று கிளைச்சாலை இறங்கி ஏறினாலே நாள் போய்விடும். தரங்கம்பாடியில் தொடங்கிக் கிளைச்சாலைகளையும் தனுஷ்கோடியையும் சேர்த்தால் மொத்தம் 700 கிலோமீட்டரைத் தாண்டும். ஏழு நாள் வேண்டும். நாலு நாள்தான் விடுமுறை என்றால் பாதியை விட்டுவிடுங்கள். முழு வழியையும் நாலு நாளில் அடக்க நினைத்தால் பார்ப்பது இசிஆரின் தார் மட்டும்தான்.

வண்டியில் என்ன இருக்க வேண்டும்

ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம். சாலையோரம் வெட்டிப் போட்ட விறகின் முள் டயரில் ஏறும். டியூப்லெஸ் டயரில் முள் இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். அதனால் முள்ளைக் கண்டதும் பிடுங்காதீர்கள். காற்றை நிரப்பிக்கொண்டு அடுத்த பஞ்சர் கடைவரை ஓட்டுங்கள். 12 வோல்ட் காற்றடிக்கும் கருவி, பஞ்சர் கிட், அதில் குறைந்தது ஐந்து ரப்பர் திரி. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். பைக் என்றால் டியூப் ஒன்று கூடுதலாக. கயிறு, சின்ன மண்வெட்டி, வண்டியோடு வந்த இழுவைக் கொக்கி ஆகியவையும் வேண்டும். கொக்கி எந்த மூலையில் கிடக்கிறது, பம்பரில் எங்கே திருகுவது என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை மணலில் காரை இறக்காதீர்கள் என்பதே எங்கள் ஆலோசனை. இருந்தாலும் வண்டி திருப்பும்போது ஒரு சக்கரம் இறங்கிவிடுவது சகஜம். அலை நனைத்த மணல் கெட்டி. அதற்கு மேலே காய்ந்து கிடக்கும் மணல்தான் ஆளை விழுங்கும். சக்கரம் சுற்றி வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே ஆக்ஸிலேட்டரை விடுங்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டும். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் பிறகு பத்துப் பேர் வேண்டும். எல்லோரையும் இறக்குங்கள். இழுக்கும் சக்கரங்கள் எவையோ (சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்) அவற்றுக்குப் பின்னால் மணலைச் சரிவாக வாரி எடுங்கள். வயிற்றடி மணலையும் கிளறி விடுங்கள். டயர்க் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். டயர் பரந்து மணலின்மேல் படுக்கும். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழலும். சக்கரத்தடியில் கால்மிதியோ காய்ந்த தென்னை மட்டையோ திணித்து, வந்த சுவட்டிலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். அந்தச் சுவடு ஏற்கெனவே வண்டி ஏறி இறுகியது, புது மணலைவிட அதுதான் தாங்கும். வெளியே வந்ததும் காற்றை நிரப்பும்வரை 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, வளைவில் இன்னும் மெதுவாக.

டீசல், பெட்ரோல் விஷயத்தில் பாதி டாங்க்தான் எல்லை. அதற்குக் கீழே இறங்கவிடாதீர்கள். வேதாரண்யம், ராமேஸ்வரம், சாயல்குடி மூன்றிலும் நிரப்பிக்கொண்டுதான் நகர வேண்டும். காரைக்காலில் எண்ணெய் விலை குறைவு, அங்கேயே முழுசாக நிரப்பலாம். மதுவும் அங்கே மலிவு. அதை வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு வாஞ்சூர் சோதனைச் சாவடியைத் தாண்டப் பார்க்காதீர்கள், வண்டியோடு பிடிப்பார்கள்.

இரவு ஓட்டம் வேண்டாம். அறுவடைக் காலத்தில், தையிலும் மாசியிலும், டெல்டாச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். விளக்கு இல்லை. தெற்கே அதே இடத்தில் ஆடும் மாடும் படுத்திருக்கும். மீனவ ஊர்களின் வேகத்தடைகளுக்கு வெள்ளைக் கோடு கிடையாது.

வேதாரண்யம், கோடியக்கரை

முதல் இரவு தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையின் முன்னால் காலை ஆறு மணிக்குப் போனால் நடைபயிற்சிக்காரர்கள்தான் இருப்பார்கள். பதினோரு மணிக்குப் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும். அதற்குள் காரைக்காலைக் கடந்துவிட வேண்டும். நாகூரையும் வேளாங்கண்ணியையும் புறவழியிலேயே தாண்டிவிடுங்கள்.

வேதாரண்யத்தைத் தாண்டிக் கோடியக்கரை போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய இடம் இது. நினைவுத்தூண் இருக்கிறது, சுற்றிலும் இன்றைக்கும் உப்பளம்தான். அங்கிருந்து கோடியக்கரைக்குப் பத்து கிலோமீட்டர் போலத்தான், அதோடு சாலை முடிகிறது. சரணாலயத்தில் வெளிமான்களும் காட்டில் திரியும் குதிரைகளும் எந்த மாதமும் தெரியும். பூநாரைகளுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாய்ப்பு அதிகம். காலை ஏழு மணிக்குள் உள்ளே போய்விட்டால் வெளிமான்கள் புல்வெளியில் இருக்கும். வெயில் ஏறினால் காட்டுக்குள் ஒதுங்கிவிடும். வனத்துறையின் தங்கும் விடுதிக்கு நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் வேதாரண்யம். கோடியக்கரைக் கடலில் குளிக்க ஆசைப்படாதீர்கள், சேறு.

கோடியக்கரையிலும் தனுஷ்கோடியிலும் செல்போன் தானாக இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கும். டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். மேப்பை முன்பே தரவிறக்கி வைத்தால் இன்னும் நிம்மதி.

பாக் விரிகுடா: அலை இல்லாத கடல்

கோடியக்கரையிலிருந்து திரும்பித் திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை. இங்கிருந்து தேவிபட்டினம் வரைக்கும் கடல் ஏரி மாதிரி இருக்கும். முழங்கால் ஆழத்திலேயே வெகுதூரம் நடக்கலாம். அடியில் சேறும் கடற்புல்லும். அலை பார்க்க வந்தவர்களுக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் கூட்டம் வராததற்குக் காரணமும் அதுவே. அலை வேண்டுமென்றால் தூத்துக்குடிக்குத் தெற்கே போகும்வரை பொறுங்கள். தனுஷ்கோடியில் ஒரே இடத்தில் நின்று வடக்கே பார்த்தால் பெண்கடல், தெற்கே பார்த்தால் ஆண்கடல் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதன் பொருள் அங்கே போனால் விளங்கும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். முந்தின நாள் பகலிலேயே வனச்சரக அலுவலகத்தில் வாங்கிவிட்டு, ஜாம்பவானோடைப் பக்கமிருந்து காலை முதல் படகில் போங்கள். மதியம் நீர் வற்றும் நாட்களில் படகு தட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் கூடுதல் என்பதால் நேரத்தைப் படகுக்காரரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். இங்கே உணவுக்கும் தங்கவும் பட்டுக்கோட்டை வசதி. அதிராம்பட்டினம் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல. சாயங்காலம் போடும் வாடாவை (இறால் வைத்த வடை) சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் தோல்.

மனோராவுக்கு மாலை நாலரைக்கு மேல் போங்கள். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடி இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம், கடலைப் பார்த்தபடி நிற்கிறது. எதிரே இருக்கும் ஆழமற்ற கடல் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகத்தின் பகுதி. தஞ்சை, புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர். கடற்பசுவை நேரில் பார்த்துவிடலாம் என்று எந்தப் படகுக்காரராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மீன் வாங்க மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். இந்தப் பக்கத்து விசைப்படகுகள் பெரும்பாலும் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்புகின்றன. ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு விடிகாலைதான் ஏலக்கூடம் சூடாக இருக்கும். ஏலத்தில் நீங்கள் குரல் கொடுக்க வேண்டாம். அது பெட்டிப் பெட்டியாக வியாபாரிகளுக்கு நடப்பது. ஏலம் எடுத்த பெண்கள் சற்றுத் தள்ளி மீனைக் கூறு போட்டு உட்கார்ந்திருப்பார்கள், அங்கே வாங்குங்கள். எடை கிடையாது, கூறுக்கு இவ்வளவு என்று விலை. முதலில் சொன்ன விலைக்குக் கொஞ்சம் குறையும், ரொம்பக் குறையாது. சுத்தம் செய்து தரத் தனியாகக் கொடுக்க வேண்டும். மூடியுள்ள பெட்டியும் பனிக்கட்டியும் உங்கள் பொறுப்பு. பக்கத்து மெஸ்ஸில் மசாலாவுக்கும் கூலிக்கும் கொடுத்தால் பொரித்துத் தருவார்கள், கூட்ட நேரத்தில் கேட்காதீர்கள்.

கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல் என்று இறங்கித் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. இந்த வழியில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே நிறுத்துங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகும் துடுப்புப் படகும் உண்டு. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஊர்ப் பெண்கள் சமைக்கும் நண்டு, மீன் சாப்பாடும் கிடைக்கும், காலையிலேயே சொல்லிவைத்தால். ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்துக் குடும்பங்கள் வந்துவிடும். வார நாளில் போங்கள்.

இந்தக் கடலில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு தெரிந்து விலகும். மிதித்துவிட்டால் வாலில் இருக்கும் முள் ஏறும். ஏறினால், தாங்கக்கூடிய அளவுக்குச் சூடான நீரில் காலை முக்கியபடி மருத்துவமனைக்குப் போங்கள். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கையால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல்நீரால் கழுவுங்கள்.

ராமேஸ்வரத்தை என்ன செய்வது

ராமநாதபுரத்தில் தங்குங்கள். தனுஷ்கோடி பார்க்க வேண்டும் என்றால் செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள், அமாவாசையாக இல்லாமல், காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பாம்பன் பாலத்தை ஏழுக்குள் கடந்து, ஊருக்குள் நுழையாமல் நேரே அரிச்சல்முனை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் வழியில்தான். முனைவரைக்கும் தார்ச்சாலை 2017-ல் வந்தது. மாலையில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் இருட்டுவதற்குள் வெளியேற்றிவிடுவார்கள். அதனால் மதியம் மூன்று மணிக்கு மேல் அங்கே எல்லோரும் சேர்ந்து வந்து எல்லோரும் சேர்ந்து திரும்புவார்கள். பத்து மணிக்குள் திரும்பிவிட்டால் எதிர்த்திசையில்தான் நெரிசல். முனையில் குளிக்காதீர்கள். இரண்டு கடலின் ஓட்டமும் சேரும் இடம் அது. பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கவும் கூடாது.

ஏற்கெனவே பார்த்தவர்கள் இந்த நாளையே விட்டுவிடலாம்.

கீழக்கரையிலிருந்து தூத்துக்குடி

இந்தத் துண்டில்தான் ஆளே இல்லை. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர், வேம்பார், வைப்பார், தருவைகுளம். கடலுக்குள் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன, 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. ஆசை காட்டித் தீவில் இறக்குகிறேன் என்று சொல்லும் தனியார் படகில் ஏறாதீர்கள். அனுமதி இல்லாமல் இறங்கினால் வழக்கு. கரையில் ஒதுங்கிய செத்த பவளப்பாறைத் துண்டைக்கூட எடுத்து வண்டியில் போடாதீர்கள், வன உயிரினச் சட்டத்தில் பவளமும் கடல் அட்டையும் முதல் பட்டியல்.

கீழக்கரையில் தொதல் என்னும் இனிப்பு வாங்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும். ரமலான் மாதத்தில் இந்த ஊர்களில் பகலில் சாப்பாட்டுக் கடை தேடாதீர்கள், கையில் கட்டிக்கொண்டு வாருங்கள். சாயல்குடிக்குத் தெற்கே பனங்காடு. கருப்பட்டியை விளையிலேயே (பனந்தோப்பிலேயே), காய்ச்சுகிறவரிடமே வாங்குவது நல்லது. உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனி மாதிரி மினுக்கினால் கலப்படம், மங்கிய கரும்பழுப்பாக இருந்தால் எடுக்கலாம்.

தூத்துக்குடி விசைப்படகுகள் விடிகாலை போய் அன்றிரவே திரும்புகிறவை. ஏலமும் இரவில்தான். ஒரு ராத்தங்கலை இங்கே வைப்பதற்கு அது போதும்.

தெற்கு முனை

திருச்செந்தூரைச் சுற்றிக்கொண்டு போக காயாமொழி, பரமன்குறிச்சி வழியாக உடன்குடிக்கு உள்சாலை இருக்கிறது. வழியில் தேரி என்னும் செம்மணல் மேடுகள். சாலையோரம் வண்டியை விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள். மேலே சொன்ன மணல் பாடம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

மணப்பாட்டில் குன்றின்மேல் 1581-ல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். கீழே ஒரு பக்கம் அலை, மறு பக்கம் காயல். இதுவரை காணாத அலை இங்கே தொடங்குகிறது. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோ ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். வேலை நடக்கும் பகுதியில் சாலை மாறியிருக்கலாம், பலகையைப் பார்த்துப் போங்கள். ட்ரோனை இந்தப் பயணத்தில் வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம்: உச்சிப்புளியில் கடற்படைத் தளம், இங்கே ஏவுதளம், தெற்கே கூடங்குளம்.

பெரியதாழை, உவரி என்று போகலாம். கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயில் உவரியில். அதே ஊரில் அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் வரும். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை, புது மீன் இல்லை.

ஊருக்குள் சில நடைமுறைகள் உண்டு. காயும் வலைமேல் கால் வைக்காதீர்கள், செருப்போடு படகில் ஏறாதீர்கள், படகு இழுக்கும் வழியில் வண்டியை நிறுத்தாதீர்கள். விடிகாலையில் ஊரை ஒட்டிய கரையை விட்டுச் சற்றுத் தள்ளி நடங்கள். கரையில் கூடாரம் அடித்துத் தூங்க வேண்டாம். இலங்கைக்கு எதிரே இருக்கும் கரை இது, இரவில் கடலோரக் காவல் சுற்றும், அடையாள அட்டை கேட்பார்கள்.

கன்னியாகுமரி அவசியமில்லை. உவரியிலிருந்து திசையன்விளை வழியாக நாங்குநேரி போனால் நான்குவழிச் சாலை, அங்கிருந்து மதுரைக்கு நேர்வழி. ஏறுவதற்கு முன்னால் ஏதாவது ஒரு வாட்டர் சர்வீஸில் நிறுத்தி, மேலே சோப்பு போடாவிட்டாலும் பரவாயில்லை, அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் அழுத்தி அடிக்கச் சொல்லுங்கள். கிணற்று நீர் உப்பாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பைக் செயினைக் காயவைத்து எண்ணெய் விடுங்கள். காலையில் பிரேக் கரகரவென்று சத்தம் போட்டால் டிஸ்க்கில் ராத்திரி படிந்த துரு, நாலைந்து முறை மெதுவாக மிதித்தால் போய்விடும். போகவில்லை என்றால் நாங்குநேரியிலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு ஏறுங்கள்.